ராஜாவைச் சுற்றியுள்ள கட்டங்கள்

செஸ் என்ஜின் எழுதப் பழக வருகிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது ஒரு நகர்வைத்தான். 2003 பிப்ரவரி, நியூயார்க். காஸ்பரோவும் டீப் ஜூனியர் என்ற நிரலும் மோதிய ஆறு ஆட்டப் போட்டியில் ஐந்தாவது ஆட்டம். காஸ்பரோவுக்கு வெள்ளைக் காய்கள். நிம்சோ இந்தியன் திறப்பில் இரு தரப்பும் காய்களை வெளியே எடுத்தாயிற்று. ராஜாக்கள் ஓரத்தில் பத்திரமாக இருக்கின்றன. இனி நடுப்பலகையில் மெல்ல ஓர் இழுபறி நடக்கும் என்று யாரும் எதிர்பார்க்கும் கட்டம். காஸ்பரோவ் ராணியை சி2-இல் வைக்கிறார். ஜூனியர் தன் பத்தாவது நகர்வில், டி6-இல் நின்ற பிஷப்பால் எச்2 சிப்பாயை வெட்டி செக் வைக்கிறது.

ராஜா பிஷப்பை வெட்டுகிறது. குதிரை ஜி4-க்குப் பாய்ந்து மறுபடி செக். ராஜா ஜி3-க்கு, தன் சிப்பாய்களுக்கும் முன்னால், வெட்டவெளிக்கு வருகிறது. கறுப்பு ராணி ஜி5, எச்5, எச்2 என்று அதையே வளைத்துக்கொண்டு திரிகிறது. கடைசியில் குதிரை எச்2-க்கும் ஜி4-க்கும் மாறி மாறித் தாவி செக் வைக்க, 19-ஆவது நகர்வில் டிரா. போட்டியும் 3-3 என்று சமனில் முடிந்தது.

கணக்குப் பார்த்தால் ஜூனியர் ஒரு சிப்பாயை வாங்கிக்கொண்டு ஒரு பிஷப்பைக் கொடுத்தது. அதைத் திரும்ப வாங்கும் கட்டாய வரிசை எதுவும் பலகையில் இல்லை. காஸ்பரோவ் இடையில் வேறு வழியில் போய் ஜெயிக்கப் பார்த்திருக்கலாம் என்று பின்னால் அலசியவர்கள் சொன்னார்கள். அதாவது இது கண்ணுக்கெட்டிய தூரத்தில் லாபம் தெரிந்து செய்த கணக்கு அல்ல, ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கையை அமீர் பானும் ஷாய் புஷின்ஸ்கியும் அந்த நிரலுக்குள் எண்களாக எழுதி வைத்திருந்தார்கள். கணினிகள் சிப்பாய்க்கு ஆசைப்படும், எதையும் சும்மா கொடுக்காது என்று எல்லோரும் பேசிவந்த காலத்தில், உலகின் மிகப் பெரிய தாக்குதல் ஆட்டக்காரருக்கு எதிராக ஒரு நிரல் அதைச் செய்தது. இன்றைக்கும் அந்த ஆட்டத்தை ஓட்டிப் பார்க்கும்போது எனக்கு உடல் சிலிர்க்கிறது.

என்ஜினுக்கு ஆட்டப் பாணி எங்கிருந்து வருகிறது? 1950-இல் வெளியான கட்டுரையில் கிளாட் ஷானன் அடிப்படையைப் போட்டுவிட்டார். ராணிக்கு 9, யானைக்கு 5, பிஷப்புக்கும் குதிரைக்கும் 3, சிப்பாய்க்கு 1. இரட்டைச் சிப்பாய்க்கும் தனித்து நிற்கும் சிப்பாய்க்கும் அரைப் புள்ளி கழிவு. காய்கள் போகக்கூடிய ஒவ்வொரு நகர்வுக்கும் 0.1 கூடுதல். நிரல் முடிந்தவரை முன்னால் தேடிப் பார்க்கும். தேடல் நிற்கும் இடத்தில் இந்த எண்களைக் கூட்டிக் கழித்து, நிலைமை யாருக்குச் சாதகம் என்று ஒரு மதிப்பு சொல்லும். பிறகு வந்த எல்லாமே இதன் மேல் கட்டியதுதான்.

ஆட்டத்தின் முடிவுவரை தேட முடிந்தால் பாணிக்கே இடமில்லை. ராஜாக்களையும் சேர்த்துப் பலகையில் ஏழு காய்கள் மிஞ்சும் நிலைகளுக்கு இன்று முழு அட்டவணை இருக்கிறது. அங்கே வெற்றி, டிரா, தோல்வி என்று விடை எழுதியே வைத்திருக்கிறது, அபிப்பிராயத்துக்கு வேலை இல்லை. மற்ற இடங்களில் தேடல் பாதியில் நிற்கிறது. அங்கே சொல்லும் எண் ஓர் ஊகம்தான், எவ்வளவு நல்ல ஊகமானாலும். ஊகம் சில சமயம் தவறத்தான் போகிறது. தவறினால் எந்தப் பக்கம் தவறட்டும் என்று எழுதுகிறவர் முன்கூட்டியே தீர்மானித்தாக வேண்டும். ஆக்ரோஷமான என்ஜின் என்பது தாக்குதலின் மதிப்பைச் சற்று மிகையாக நம்பத் தயாரானது. நிதானமான என்ஜின் ஆபத்தின் மதிப்பைச் சற்று மிகையாக நம்பத் தயாரானது. எனக்குத் தெரிந்தவரை இதற்கு மேல் இதில் மர்மம் எதுவும் இல்லை. ஆனால் அந்தச் 'சற்று' எவ்வளவு என்று தீர்மானிப்பதில்தான் ஓர் ஆள் தன் ஆயுளைக் கழித்துவிடலாம்.

கையால் எழுதிய மதிப்பீடுகள் இருந்த நாளில் இதன் இதயம் ராஜாவின் பாதுகாப்புக் கணக்கு. ராஜா நிற்கும் கட்டத்தைச் சுற்றிய எட்டுக் கட்டங்களும், எதிரி வரும் திசையில் இன்னும் இரண்டு மூன்று கட்டங்களும் சேர்ந்து ஒரு வட்டாரம். எதிரிக் காய் ஒன்று அந்த வட்டாரத்துக் கட்டத்தைக் குறிவைத்தால் அதற்கு அலகு: பிஷப், குதிரை என்றால் 2, யானைக்கு 3, ராணிக்கு 5. எல்லா அலகுகளையும் கூட்டி, நூறு இடங்கள் கொண்ட ஓர் அட்டவணையில் தேடி எடுப்போம். பலரும் வைத்துக்கொண்ட ஓர் அட்டவணை 0, 0, 1, 2, 3, 5, 7, 9, 12, 15 என்று தொடங்குகிறது. இவை சிப்பாயின் நூறில் ஒரு பங்கு என்ற அளவில். ஒற்றைக் குதிரை தனியாக வந்து ஒரு கட்டத்தை முறைத்தால் அதன் விலை 1, ஏறக்குறைய ஒன்றுமில்லை. குதிரை, பிஷப், ராணி மூன்றும் ஆளுக்கு இரண்டு கட்டங்களைக் குறிவைத்தால் 18 அலகு. விலை 56, அரைச் சிப்பாய்க்குக் கொஞ்சம் மேல். அலகு 36 ஆனால் விலை 213. தாக்குதல் இரண்டு மடங்கானால் அதன் மதிப்பு நான்கு மடங்குக்குக் கொஞ்சம்தான் குறைவு. கடைசியில் 500-ஐத் தொட்டு அப்படியே படுத்துவிடும்.

அந்த வளைவைத்தான் நான் நெடுங்காலம் பார்த்துக்கொண்டிருந்தேன். அது எந்த இடத்தில் செங்குத்தாக ஏறத் தொடங்குகிறதோ அந்த இடத்தில்தான் என்ஜினின் குணம் இருக்கிறது. வளைவைச் சற்று இடப்பக்கம் தள்ளினால், மூன்றாவது காய் வந்து சேருமுன்பே என்ஜின் ராஜாவை வேட்டையாடக் கிளம்பிவிடுகிறது. ராணிப்பக்கச் சிப்பாய்களை விட்டுவிட்டு வருகிறது. யானையை மூன்றாம் வரிசை வழியாகத் திருப்புகிறது. வலப்பக்கம் தள்ளினால் அதே நிரல் அதே நிலையில் ஒரு சிப்பாயைச் சாவகாசமாக எடுத்துக்கொண்டு, காய்களை மாற்றி, இறுதியாட்டத்துக்கு நடக்கிறது. சில எண்களை மாற்றினால் வேறொரு ஆள் எதிரே உட்கார்ந்திருப்பதைப் போலிருக்கும். நான் இந்த வேலையை விடாமல் செய்வதற்குக் காரணமே இதுதான்.

மதிப்பீட்டை மட்டும் மாற்றிவிட்டு, என்ஜின் பலி கொடுக்கவில்லையே என்று புதிதாக எழுதுகிறவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. நிதானம் மதிப்பீட்டில் மட்டும் இல்லை, தேடலின் எலும்பிலேயே இருக்கிறது. ஒரு நிலையில் முப்பது நாற்பது நகர்வுகள் உண்டு. எதை முதலில் பார்ப்பது என்ற வரிசையில், நஷ்டம் தரும் வெட்டுகளை நாம் கடைசியில் போடுகிறோம். கடைசியில் வருபவற்றை ஆழம் குறைத்துப் பார்க்கிறோம். பல சமயம் பார்க்காமலே வெட்டி எறிகிறோம். எச்2-இல் பிஷப்பைக் கொடுப்பது இந்தக் கணக்கில் பச்சையான நஷ்டம். செக் வைப்பதால் அதற்குக் கொஞ்சம் கூடுதல் கவனிப்பு கிடைக்கும். செக்கும் இல்லாத அமைதியான பலிகளோ வரிசையின் அடியிலேயே செத்துப்போகும். வேகத்துக்காக நாம் சேர்த்த ஒவ்வொரு சுருக்கமும் நிரலை ஓர் அங்குலம் சாதுவாக்குகிறது. தாக்கும் என்ஜின் வேண்டுமென்றால், எதிரி ராஜாவின் வட்டாரத்தில் போய் விழும் நகர்வுகளுக்கு இந்த வெட்டிலிருந்து விலக்குத் தர வேண்டும். அதற்கு விலை வேகம். வேகம் குறைந்தால் மற்ற எல்லா இடத்திலும் கொஞ்சம் குருடாகும். இந்தப் பண்டமாற்றிலிருந்து யாரும் தப்பியதில்லை.

ஒரே ஆள் இரண்டு குணங்களையும் எழுதிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததற்கு நல்ல உதாரணம் கிறிஸ்டோஃப் தெரோன். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் செஸ் டைகர், கேம்பிட் டைகர் என்று இரண்டு என்ஜின்களை வெளியிட்டார். ஒரே வம்சம். செஸ் டைகர் கச்சிதமானது. கேம்பிட் டைகருக்கு ராஜா வேட்டையில் மோகம். வாங்கியவர்கள் ஒரே நிலையை இரண்டிடமும் கொடுத்து, எங்கே பிரிகின்றன என்று பார்த்தார்கள். மிகையான நம்பிக்கை வைத்த என்ஜின் பலத்தில் அதலபாதாளத்தில் விழவில்லை என்பதுதான் அன்று பலரைத் திகைக்க வைத்தது. அதற்கும் முன்னால், 1990-களில், கிறிஸ் விட்டிங்டன் தன் நிரலுக்கு செஸ் சிஸ்டம் டால் என்றே பெயர் வைத்தார். 1960-இல் போத்வின்னிக்கை வென்று உலகப் பட்டம் பெற்ற மிகைல் டாலின் பெயர். அந்தப் பெயருக்கு நம் ஊரிலும் ஓர் உறவு உண்டு: மானுவல் ஆரோன் 1972-இல் சென்னை சோவியத் கலாசார மையத்தில் தொடங்கியது டால் செஸ் கிளப்தான், சிறுவன் ஆனந்த் ஆடி வளர்ந்தது அங்கே. தாக்குதல் என்றதும் டால் என்று சொல்லும் பழக்கம் என் தலைமுறைக்கு அந்தக் கிளப் வழியாகவும் வந்தது.

நிரல்காரர்கள் கையில் வைத்திருக்கும் இன்னொரு திருகு, டிராவுக்குப் போடும் விலை. டிரா என்றால் பூஜ்யம் என்பதுதான் இயல்பான கணக்கு. அதைக் கொஞ்சம் கழித்தல் ஆக்கினால் என்ஜின் டிராவை வெறுக்கும். சமமான நிலையிலும் காய் மாற்றத்தைத் தவிர்த்துச் சண்டையை நீட்டிக்கும். ஸ்டாக்ஃபிஷ் சில ஆண்டுகள் இதைப் பயன்படுத்தியது. 2018-இல் வந்த பத்தாவது பதிப்பில் அதன் இயல்பு அளவு 24, அதாவது கால் சிப்பாய். பலம் குறைந்த எதிரிகளைப் பிழிந்தெடுக்க இது மிகவும் உதவும். ஆனால் நடுநிலையாக ஒரு நிலையை அலசிச் சொல் என்று கேட்டால் இதே திருகு தொல்லை. இந்த வெறுப்பு யார் சார்பில்? வெள்ளையின் நகர்வுக்குக் கேட்கும்போது வெள்ளை நன்றாயிருப்பதாகவும், கறுப்பின் நகர்வுக்குக் கேட்கும்போது கறுப்பு நன்றாயிருப்பதாகவும் சொல்லும். தாக்குதலுக்கும் தற்காப்புக்கும் தனித்தனி எடை வைக்கும் என்ஜின்களுக்கும் இதே நோய். நினைவில் சேமித்து வைத்த பழைய மதிப்புகள் இன்னொரு தரப்பின் கண்ணோட்டத்தில் எழுதப்பட்டவை. தரப்பு மாறியதும் அவற்றைத் துடைக்காவிட்டால் என்ஜின் தனக்குத்தானே முரண்பட்டுப் பேசும். என் நிரலில் அதனால் ஆடுவதற்கு ஒரு முகம், அலசுவதற்கு ஒரு முகம் என்று பிரித்தே வைத்திருக்கிறேன். பாணி ஆடும் முகத்துக்கு மட்டும்.

இவ்வளவு நேரம் தாக்குதலையே பேசிவிட்டேன். மனதுக்கு நெருக்கமாக எனக்குப் பிடித்தது இன்னொரு நகர்வு, முழுக்க முழுக்க நிதானத்தில் பிறந்தது. 1997 மே, அதே நியூயார்க், காஸ்பரோவும் டீப் புளூவும் ஆடிய இரண்டாவது ஆட்டம். 36-ஆவது நகர்வில் டீப் புளூவின் ராணி பி6-க்குள் நுழைந்தால் சிப்பாய்கள் கிடைக்கும். நொடிக்கு இருபது கோடி நிலைகளைப் பார்க்கும் இயந்திரம் அந்தச் சிப்பாய்களை எடுக்கும் என்று காஸ்பரோவ் எதிர்பார்த்தார். அது எடுக்கவில்லை. முதலில் சிப்பாய்களை மாற்றிக்கொண்டது. அடுத்து பிஷப்பை இ4-இல் கொண்டுபோய் நிறுத்தியது. எதையும் மிரட்டாத, எதையும் வெட்டாத நகர்வு. கறுப்பு தன் சிப்பாயை இ4-க்குத் தள்ளி மூச்சுவிட ஒரே ஒரு வழி வைத்திருந்தது. அந்த வழியை அந்த பிஷப் அடைத்தது. பிறகு வெள்ளைக்கு அவசரமே இல்லை. காஸ்பரோவ் 45-ஆவது நகர்வில் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். அந்தக் கடைசி நிலையில் டிராவுக்கு வழியிருந்தது என்று பின்னால் தெரியவந்தது வேறு கதை. ஆனால் அவரை உலுக்கியது இ4 பிஷப்தான். இயந்திரம் இப்படி ஆடாது என்று அவர் வெளிப்படையாகச் சந்தேகப்பட்டார்.

இந்த நிதானத்தை நிரலில் எழுதுவது தாக்குதலை எழுதுவதைவிடக் கடினம் என்பது என் உறுதியான கருத்து. தாக்குதலை எண்ணலாம்: எத்தனை காய்கள், எத்தனை கட்டங்கள். எதிரிக்கு நடக்காமல் போன நல்லதை எப்படி எண்ணுவது? இதற்கு நம் தேடலிலேயே ஓர் அழகான கருவி இருக்கிறது. நம் முறையை நாமே விட்டுக்கொடுத்து, எதிரியை இன்னொரு தடவை ஆடச் சொல்லிப் பார்ப்பது. வழக்கமாக இதை நேரத்தை மிச்சப்படுத்தத்தான் பயன்படுத்துகிறோம்: சும்மா இருந்தாலே நமக்குச் சாதகமாக இருந்தால் அந்தக் கிளையை மேலும் தேடத் தேவையில்லை. ஆனால் சும்மா இருந்தால் அடி விழுகிறது என்று தெரிந்தால், அந்த அடி எந்த நகர்வு என்று தேடல் கையில் கொடுத்துவிடுகிறது. எதிரி ஆசைப்படுவது என்ன என்பதற்கு நேரான பதில் அது. அந்த நகர்வைத் தடுக்கும் அமைதியான நகர்வுகளை வரிசையில் மேலே ஏற்றினால் என்ஜினின் ஆட்டம் கண்கூடாக மாறுகிறது. மிரட்டல் குறைகிறது, எதிரியின் காய்கள் ஒவ்வொன்றாக வேலையிழக்கின்றன. அதைக் கோழைத்தனம் என்று சொல்கிறவர்கள் அதற்கு எதிராக ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

பாணிக்கு மிகப் பெரிய எதிரி சோதனைமுறைதான். இன்று எந்த மாற்றத்தையும் ஆயிரக்கணக்கான அதிவேக ஆட்டங்களில் தன் பழைய பதிப்போடு மோதவிட்டு, புள்ளிவிவரம் தேறினால்தான் ஏற்கிறோம். 2013-இல் தொடங்கிய ஃபிஷ்டெஸ்ட் இதற்குத் தன்னார்வலர்களின் கணினிகளைத் திரட்டி, ஸ்டாக்ஃபிஷை எட்டாத உயரத்துக்குக் கொண்டுபோயிற்று. அதன் நேர்மையில் எனக்குக் குறையே இல்லை. ஆனால் அது கேட்பது ஒரே கேள்வி: பலம் கூடியதா? ஆட்டத்துக்கு உயிர் கொடுத்து ஐந்து புள்ளி பலம் குறைக்கும் மாற்றம் அந்த வாசலில் திருப்பி அனுப்பப்படும். தன்னைப் போலவே துல்லியமாகத் தற்காக்கும் எதிரியிடம் தாக்குதல் பலிக்காது; தடுமாறும் மனிதனிடம் பலிக்கும். அந்த மனிதன் சோதனையில் இல்லவே இல்லை. ஆகவே பாணியை விரும்புகிறவர்கள் தனி அளவுகோல் வைத்துக்கொள்கிறோம்: வெற்றிகளில் எத்தனை சீக்கிரம் முடிந்தவை, கொடுத்த காய் எத்தனை நகர்வுகள்வரை திரும்பி வராமல் இருந்தது, நல்ல நிலையிலிருந்து எத்தனை டிராக்கள்.

2017 டிசம்பரில் ஆல்ஃபாஜீரோ வந்தது. ஸ்டாக்ஃபிஷோடு நூறு ஆட்டம். 28 வெற்றி, 72 டிரா, தோல்வி இல்லை. அதற்கு யாரும் ராஜா வட்டார அட்டவணை எழுதித் தரவில்லை. தன்னோடு தானே ஆடிக் கற்றது. கற்று வந்ததோ சிப்பாய்களைத் தாராளமாக விட்டுக்கொடுத்து, ஓரச் சிப்பாயை எதிரி ராஜாவின் மூக்கு நுனிவரை தள்ளி, எதிரிக் காய்களை மூச்சுத் திணற வைக்கும் ஓர் ஆட்டம். மாத்யூ சாட்லரும் நடாஷா ரீகனும் 2019-இல் அதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார்கள். தாக்குதலை அதிகமாக நம்புவது ஓர் அழகான பலவீனம் என்று நம்மில் பலர் ஒப்புக்கொண்டுவிட்டிருந்தோம். நாம் போட்ட விலைதான் குறைவாக இருந்தது என்று அது காட்டியது. ஸ்டாக்ஃபிஷும் 2020-இல் நரம்பு வலையை ஏற்றது. கையால் எழுதிய மதிப்பீடு படிப்படியாக ஒதுங்கி, 2024-இல் வந்த 16.1 பதிப்பில் முழுவதுமாக இல்லாமல் போயிற்று. நான் தள்ளித் தள்ளிப் பார்த்த வளைவு மாதிரி எதுவும் இன்று வெளியே தெரிவதில்லை. குணத்தை மாற்ற வேண்டுமென்றால் எந்த ஆட்டங்களை ஊட்டிப் பயிற்றுவிக்கிறோம் என்பதை மாற்ற வேண்டும். பேட்ரீஷியா என்ற என்ஜின் அப்படித்தான், ஆக்ரோஷமான நிலைகளைத் தேர்ந்தெடுத்துப் பயிற்றுவிக்கப்பட்டது.

நரம்பு வலை யுகம் எனக்குக் கொடுத்த பெரிய பரிசு வேறு. லீலா போன்ற என்ஜின்கள் ஒரு நிலைக்கு ஒற்றை எண் சொல்வதில்லை. வெற்றி, டிரா, தோல்வி என்று மூன்று வாய்ப்புகளைச் சொல்கின்றன. இரண்டு நகர்வுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் வெற்றி 10, டிரா 80, தோல்வி 10 சதவீதம். இன்னொன்றில் வெற்றி 45, டிரா 10, தோல்வி 45. சராசரி இரண்டுக்கும் பாதிப் புள்ளிதான். பழைய என்ஜின் இரண்டையும் பூஜ்யம் என்று சொல்லி, ஏதோ ஒன்றை எடுத்து ஆடிவிடும். பாணி முழுவதும் இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான், அதாவது முடிவுகளின் விரிவில்தான், இருக்கிறது. முன்பு ராஜாவின் மேல் பொய்யாக விலை ஏற்றித்தான் தாக்க வைத்தோம். இப்போது எந்த எண்ணையும் திரிக்க வேண்டாம். சராசரியில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து விரிவைக் கூட்டு அல்லது குறை என்று நேராகவே சொல்லலாம்.

லீலாவில் தொடக்கத்திலேயே ஒரு குதிரையைக் கழற்றி வைத்துவிட்டு மனிதர்களோடு ஆடும் பதிப்பு ஒன்று இருக்கிறது. வேக ஆட்டங்களில் கிராண்ட்மாஸ்டர்களும் அதனிடம் தோற்கிறார்கள். ஒரு குதிரை குறைவு என்றால் உடனே பாய்ந்து தாக்கும் என்றுதான் நினைப்போம். அந்த ஆட்டங்களில் நான் பார்ப்பது அதுவல்ல. காய் மாற்றத்தைத் தவிர்க்கிறது. சிப்பாய்ச் சுவர்களைத் திறக்காமல் வைக்கிறது. பலகையில் காய்கள் நிறைந்திருக்கும்வரை எதிராளிக்கு ஒவ்வொரு நகர்விலும் ஒரு தேர்வு இருக்கிறது, ஒவ்வொரு தேர்விலும் ஒரு சறுக்கல் இருக்கிறது. விரிவை அப்படியே காத்துக்கொண்டு காத்திருக்கிறது. இதை ஆக்ரோஷம் என்பதா நிதானம் என்பதா என்று என்னால் பிரிக்க முடியவில்லை, பிரிக்க விருப்பமும் இல்லை. என் என்ஜினில் தாக்குதலுக்கும் தற்காப்புக்கும் வைத்திருந்த இரண்டு திருகுகளையும் இப்போது எடுத்துவிட்டு விரிவுக்கு ஒன்றே ஒன்று வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். நிலைமை பின்தங்கும்போது அது தானாகத் திறக்கும், முந்தும்போது தானாக இறுகும். எந்த இடத்தில் திறக்கத் தொடங்க வேண்டும் என்பதுதான் இன்னும் சோதனையில் இருக்கிறது. மனித ஆட்டங்களிலிருந்து எடுத்த நிலைகளை வைத்து இந்த மாதம் முழுவதும் அதைத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.